ஏட்டில் ஏறிய பெயர்

மட்டக்களப்பு வாவியின் ஓரத்தே அமைந்த அமிர்தகழியிலே, ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக்குளத்தில் நீராடி, மறைந்த தந்தையருக்குப் பிதிர்க்கடன் செலுத்த மக்கள் திரளாகக் கூடுவர். தந்தை இறந்துவிட்டார் என்று தெரிந்தவனுக்கே அந்தக் கடன் உரியது. ஒரு நாள் காலையிலோ மாலையிலோ பிடித்துச் செல்லப்பட்ட தந்தை, இருக்கிறாரா இல்லையா என்று அறியாத வீட்டிலே அன்று செய்வது யாது? இந்தக் கேள்வி 1990ஆம் ஆண்டு முதல் அப்பகுதியின் வீடுகள் பலவற்றில் விடையின்றிக் கிடக்கிறது. இதற்கு விடை சாத்திர நூல்களில் இல்லை. ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஏட்டிலே, ஒரு வரியாக, அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒருவரைக் கைது செய்தல் என்பது அவரது உடலைப் பிடிப்பது மட்டுமன்று. பிடித்ததை எழுதிவைப்பதும் அதனுள் அடங்கும். எழுதப்பட்ட கைதுக்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு. எழுதப்படாத கைதுக்கு எவரும் இல்லை. ஆகையால், அந்த எழுத்து எங்கே இருக்கிறது, அதனைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்பதைக் குடும்பத்தவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

அமிர்தகழியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குச் சென்ற மகன் இருட்டியும் வீடு திரும்பவில்லை. அவனைப் பொலிசார் ஏற்றிச் சென்றனர் என்று தேநீர்க் கடையில் ஒரு பேச்சு எழுகிறது. தாய் முதலில் ஓடுவது கோயிலுக்கு. அடுத்து, ஊரில் செல்வாக்குடைய ஒருவரின் வீட்டுக்கு. அவ்விரண்டையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால், அவள் போகவேண்டிய மூன்றாவது இடம் பொலிஸ் நிலையம். கைது செய்யப்பட்ட நேரம், இடம், காரணம், கைது செய்த உத்தியோகத்தர் ஆகிய விபரங்கள் அந்நிலையத்தின் தகவற் புத்தகத்தில் எழுதப்பட வேண்டியவை. ‘இங்கே அப்படி எவரும் இல்லை’ என்ற மறுமொழி கிடைத்தால், அவ்வளவில் திரும்பிவிடலாகாது. மகனைக் காணவில்லை என்று அவள் ஒரு முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டுக் கடதாசியிலேனும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னாளில் எந்த நீதிமன்றமும் எந்த ஆணைக்குழுவும் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.

பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் பொலிசார் தம்மிடம் வைத்திருத்தலாகாது. நீதவான் முன்னிலையில் முற்படுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வகுத்த பொதுவிதி இது. சில விசேட சட்டங்கள் இதற்கு விலக்களிக்கின்றன. அவை பின்னர் வரும். காரணம் சொல்லாது கைது செய்தல் கூடாது என்பதும், சட்டம் விதித்தவாறு நீதிபதி ஒருவரின் முன் கொண்டுசெல்லல் வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலேயே உள்ளன.

ஆக, அடுத்த எழுத்து இருக்குமிடம் நீதவான் நீதிமன்றம். விசாரணை முடிவடையாத நிலையில் பொலிசார் அங்கே சமர்ப்பிக்கும் அறிக்கையை வழக்காடுவோர் ‘பி அறிக்கை’ என்பர். அதற்கு ஓர் இலக்கம் இடப்படும். அந்த இலக்கமே திறவுகோல். அதனை அறிந்தவர், பெயரை மட்டும் சொல்லிக் கொண்டு மேசைக்கு மேசை அலைய வேண்டியதில்லை. ஒரு சிறு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சனிக்கிழமையன்று நீதிமன்ற வாயில் பூட்டிக் கிடப்பதைக் கண்டு, மகன் எங்கேயோ மறைத்துவைக்கப்பட்டான் என்று கலங்கும் பெற்றோர் உளர். விடுமுறை நாட்களிலே சந்தேகநபரை நீதவானின் வாசத்தலத்தில் முற்படுத்துவது வழக்கம். அங்கே பிறப்பிக்கப்படும் கட்டளையும் எழுத்திலேயே அமையும். திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் அதனை விசாரித்து அறியலாம். நீதவான் விளக்கமறியலுக்கு அனுப்பியிருப்பின் சிறைச்சாலையின் பதிவேட்டிலும் பெயர் ஏறியிருக்கும். விளக்கமறியல் தவணை ஒன்று வழக்கமாகப் பதினான்கு நாட்களுக்கு மேற்படாது; ஆதலின் அடுத்த தவணைத் திகதியையும் கேட்டறிந்து கொள்ளுதல் வேண்டும்.

நீதிமன்றங்கள் பகிரங்கமாக அமரவேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. சட்டம் கூறும் சில விலக்குகள் நீங்கலாக, எவரும் பின்வரிசை வாங்கிலே அமர்ந்து, வழக்குகள் பெயர்சொல்லி அழைக்கப்படுவதைக் கேட்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இதை அறியாது, வெளியே மரநிழலில் நாள்முழுதும் காத்திருந்துவிட்டு, உள்ளே நடந்ததைத் தரகர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்டறியும் எளியவர்களும் இருக்கிறார்கள். மேலும், 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின் பயனாக, வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் நடவடிக்கைகளும் பதிவேடுகளும் தமிழில் அமைகின்றன. ஆங்கிலம் அறிந்தவரைத் தேடிச் சென்று ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்ட பாட்டனாரின் நிலை பேரனுக்கு இல்லை.

கேட்பது வேறு, வழக்கேட்டின் பிரதியைக் கையிற் பெறுவது வேறு. வழக்கின் எதிரியோ முறைப்பாட்டாளரோ, பெரும்பாலும் சட்டத்தரணி மூலம், நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்து, உரிய கட்டணம் செலுத்தி, பதிவாளரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். வழக்கோடு தொடர்பில்லாதவர் தம் அக்கறை யாதெனக் காட்டவேண்டும். அயல் வீட்டு வேலித் தகராறிலே பயன்படுத்துவதற்காக ஒருவரது பழைய வழக்கின் பிரதி வேண்டும் என்று கேட்போர் ஏமாற்றம் அடைவது இயல்பு. அந்த ஏமாற்றம் நல்லதே.

அமெரிக்காவின் நிலை முற்றிலும் வேறு. அங்கே பல மாநிலங்களில், ‘கவுண்டி’ எனப்படும் உள்ளூர்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் ‘ஷெரிப்’ என்னும் அதிகாரியின் அலுவலகமே, அன்றாடம் கைதானவர்களின் பெயர்களையும் சிறையிலுள்ளோரின் பட்டியலையும் கணினி வழியே எவரும் காணுமாறு வெளியிடுகிறது. புகைப்படத்தையும் சேர்த்து வெளியிடும் இடங்கள் உண்டு. ஒளிவுமறைவின்றி ஆட்சி நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒருவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்ற கேள்விக்கு அங்கே சில நிமிடங்களில் விடை கிடைக்கும். அது பெரும் பேறுதான். ஆனால், அதே புகைப்படங்களைத் திரட்டித் தம் தளங்களில் இட்டு, அவற்றை நீக்குவதற்குப் பணம் கேட்கும் வணிகமும் அதனால் முளைத்தது; அதனைத் தடுக்க மாநிலங்கள் சில தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

இலங்கையில் அத்தகைய பொதுப்பட்டியல் இல்லை. வெளிநாடு செல்வோர் கேட்கும் பொலிஸ் நற்சான்றிதழும் ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே விண்ணப்பித்துப் பெறுவது. கைதானவர் குற்றவாளி என்று தீர்க்கப்படும்வரை சுற்றவாளியே என்பது சட்டம். ஊரோ அவ்வளவு பொறுமையுடையதன்று. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. விடுதலையான பின்னும் பெண் கேட்டுச் செல்லும் வீடுகளில் பழைய கைது பேசப்படும். ஆகவே, பதிவேடு உறவினருக்கும் சட்டத்தரணிக்கும் திறந்திருப்பதும், வம்புப் பேச்சுக்கு மூடியிருப்பதும் ஒரே வேளையில் வேண்டப்படுபவை. இலங்கையின் முறை இரண்டாவதில் தேறியிருக்கிறது. முதலாவதில் அது நெடுங்காலம் தவறியது.

அத்தவற்றை ஓரளவு திருத்த வந்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி அது செயற்படத் தொடங்கியது. பொலிஸ், சிறைச்சாலை முதலிய பகிரங்க அதிகார சபை ஒவ்வொன்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் பிரசை, தமக்கு அத்தகவல் எதற்கு என்று காரணம் கூறக் கடமைப்பட்டவரல்லர். தகவல் தரப்படுமா இல்லையா என்ற தீர்மானம் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் முதலில் அவ்வலுவலகத்திலேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பிறரது அந்தரங்கம், தேசிய பாதுகாப்பு, குற்றத்தைக் கண்டுபிடிக்கும் பணிக்கு நேரக்கூடிய பாரதூரமான பாதிப்பு ஆகியன மறுப்புக்குரிய காரணங்களுட் சில.

இங்கே எழுதும் முறையில் கவனம் வேண்டும். ‘என் மகனை ஏன் பிடித்தீர்கள்?’ என்று எழுதினால், அது வழக்காகுமேயன்றித் தகவல் விண்ணப்பம் ஆகாது. ‘இன்ன திகதியில் இன்ன பெயருடையவரின் கைது குறித்துத் தகவற் புத்தகத்தில் உள்ள பதிவின் பிரதி’ என்று பொருளைச் சுட்டிக் கேட்டலே பயன் தரும். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வாயிலைத் தாண்டுதல் கூடாது.

இதுகாறும் கூறியவை அனைத்தும் எழுத்து இருக்கும் கைதுகளைப் பற்றியன. எழுத்தே இல்லாத கைதுகளுக்கு என்ன செய்வது? இதற்கு அமிர்தகழியார் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் ஓர் அகதி முகாமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் வந்து, முகாமிலிருந்தோரை வரிசைப்படுத்தி, 158 பேரைப் பேருந்துகளில் ஏற்றிச் சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. பிடித்துச் சென்றவர் தரப்பில் எவருக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படவில்லை. ஆனால், முகாமை நடத்தியவர்கள் கொண்டுசெல்லப்பட்டோரின் பெயர்களைப் பட்டியலாக எழுதிவைத்தனர். பின்னர் அரச தரப்பிலிருந்து வந்த விளக்கத்திலே காணப்பட்ட தொகை அதனினும் மிகக் குறைவு. அப்பட்டியல் இல்லாதிருந்தால் அந்தச் சிறு தொகையே வரலாறாக நின்றிருக்கும். 1994ஆம் ஆண்டு வடக்கு கிழக்குக்கென நியமிக்கப்பட்ட, கே. பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு இச்சம்பவத்தை விசாரித்தபோது, முகாம்காரரின் அந்தக் கையெழுத்துப் பெயர்கள் பேசின.

நான்கே நாட்களின் பின், செப்டெம்பர் 9ஆம் திகதி, அமிர்தகழிக்கு அண்மையிலுள்ள சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்களின் மக்கள் விசாரணைக்கென்று கூட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஊரவரின் பட்டியலில் 184 பெயர்கள் உள்ளன. அவற்றுட் குழந்தைகளின் பெயர்களும் உண்டு. இங்கும் எழுதியவர் ஊரவரே.

இத்தகைய இழப்புகளின் பின்னரே சில காவல்கள் ஏற்பட்டன. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழோ கைது செய்பவர், நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வாணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. பொலிஸ் நிலையம் கைவிரித்தால் அன்றே அங்கே செல்லலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருப்பின், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆளை நேரிலே கொண்டுவருமாறு கோரும் ஆட்கொணர்வு மனுவுக்கும் கொழும்புவரை செல்லவேண்டும் என்பதில்லை. மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. தடுத்துவைக்கப்பட்டோர் அனைவரதும் பெயர் கொண்ட உத்தியோகபூர்வ இடாப்பு இருத்தல் வேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. அச்சமவாயத்துக்கு இலங்கை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் வலுவளித்தது. கைது எழுதப்படாது விடப்படுதல், ஒரு காலத்தில் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பக்கூடியதாயிருந்தது.

முப்பது ஆண்டுக்கு மேலாகத் தேடும் குடும்பங்களுக்கு எஞ்சிய வாயில்கள் இரண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட, காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் ஒன்று. மட்டக்களப்பில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. மற்றது, அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே வந்த, காணாமற்போனமைக்கான சான்றிதழ். மரணச் சான்றிதழ் பெறுவதென்றால் மகன் இறந்தான் என்று தாயே ஒப்பமிடவேண்டும் என்று எண்ணி, உதவிகளையெல்லாம் இழந்து நின்ற தாய்மார் பலர். இச்சான்றிதழோ இறந்தார் என்று கூறாது. ஆயினும், அதனைக் கொண்டு காணியையும் வங்கிக் கணக்கையும் பராமரிக்கவும் கொடுப்பனவுகளைப் பெறவும் வழியுண்டு.

அங்கே செல்பவர்கள் பழைய முறைப்பாட்டுத் துண்டு, அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், செஞ்சிலுவைக் குழுவினர் கொடுத்த கடிதம் எதுவாயினும் எடுத்துச் செல்லலாம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியிலும், ஆண்டுதோறும் வரும் வெள்ளத்திலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையிலும் கடதாசிகளை இழந்த வீடுகள் வாவியின் இருகரையிலும் ஏராளம். மூலம் தொலைந்தவர்கள் பிரதி இருந்தால் அதனைக் காட்டலாம். பிரதியும் இல்லாதவர்கள், பிடித்துச் சென்ற நாளையும் இடத்தையும் அப்போது உடனிருந்தவர் பெயரையும் சத்தியக்கடதாசியாக எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாய்மாருக்கு வயது எண்பதை அண்மிக்கிறது. ஆகையால், அவர்கள் நினைவிலிருந்து சொல்வதைப் பேரப்பிள்ளைகள் இப்போதே எழுதி, அடியில் அவர்களின் கையொப்பத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ பெற்றுவைத்தல் வேண்டும்.