படிப்பகத்திற்கு யார் பெயர்?



நாம் எழுப்பவிருக்கும் படிப்பக மண்டபத்திற்கு யார் பெயரைச் சூட்டுவது என்று சில நாட்களாக நம்மிடையே பேச்சு நடந்து வருகிறது. அதனை முன்னிட்டு, கடல் கடந்த ஒரு சிற்றூரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், துலேரி மாவட்டத்தில், ஆலன்ஸ்வொர்த் என்றோர் ஊர் உண்டு. 1908ஆம் ஆண்டில் கறுப்பின மக்கள் தமக்கென்றே அமைத்துக்கொண்ட ஊர் அது. அவ்வூருக்குப் பெயர் தந்த ஆலன் ஆலன்ஸ்வொர்த், 1842இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்துக் கற்றதே அவர் செய்த குற்றம்! அதற்காகவே சிறு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பின்னர் விற்கவும் பட்டார். உள்நாட்டுப் போரின்போது தப்பிக் கடற்படையில் சேர்ந்தார், பின்பு போதகரானார், 1886இல் கறுப்பினப் படைப்பிரிவொன்றின் சமய குருவானார். 1906இல் ஓய்வு பெற்றபோது லெப்டினன்ட் கர்னல். அந்நாட்டுக் கறுப்பினத்தவரில் அப்பதவியை எட்டிய முதல்வர் அவரே. ஓய்வூதியத்தோடு வீட்டில் அமர்ந்திருக்கலாம், அமரவில்லை. வில்லியம் பெய்ன் என்னும் ஆசிரியரோடு கூடி ஊரமைக்க இறங்கினார்.

1912இல் பள்ளிக்கூடம் எழுந்தது. பகலில் பிள்ளைகள் படித்த அதே கட்டிடத்தில்தான் ஊரார் கூடிப் பேசினர். மறு ஆண்டு நூலகம் வந்தது. அதனை அளித்தவர் கர்னலின் துணைவியார் ஜோசபின் அம்மையார். தம் பெயரை அவர் பொறிக்கவில்லை. கணவர் பெயரையும் பொறிக்கவில்லை. தம் தாயார் மேரி டிக்கின்சன் பெயரைச் சூட்டினார். கற்றதற்காக விற்கப்பட்ட கர்னலோ, தாம் சேர்த்து வைத்திருந்த நூல்களை அந்நூலகத்திற்கு வழங்கினார்.

அந்த ஊர் செழித்தோங்கியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நிலம் விற்ற நிறுவனம் வாக்களித்தபடி நீர் தரவில்லை. நிலம் நம் பெயரில், நீர் பிறர் கையில் என்றால் என்னவாகும் என்பதை இங்குள்ள பெரியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1914இல் இரயில் நிலையமும் அண்டையூருக்குப் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் மன்ரோவியா நகரில் மோட்டார் சைக்கிள் மோதிக் கர்னல் மாண்டார். அவர் கனவு கண்ட தொழிற்கல்விக் கூடத்திற்குச் சட்டமன்றமும் இசையவில்லை. குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியேறின.

எனினும் பள்ளி 1972 வரை நடந்தது. 1974இல் மாநில அரசு அப்பழைய ஊர் நிலத்தை வாங்கி நினைவிடமாக்கிற்று. நூலகம் மீண்டும் எழுப்பப்பட்டு, அத்தாயாரின் பெயரோடு நிற்கிறது.

இனி நம் மண்டபம். பெருந்தொகை தந்தோர், பதவியில் உள்ளோர் எனப் பல பெயர்கள் கூறப்பட்டன. எவரையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் முதல் இரவுப் பள்ளிக்குத் தம் வீட்டுத் திண்ணையையும் அரிக்கேன் விளக்கையும் தந்த மூதாட்டியாரின் பெயர் எவர் வாயிலும் வரவில்லை. அப்பெயரை நாம் முன்மொழிகிறோம். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் அக்கூட்டத்திற்கு வரும்போது வீட்டில் படித்து முடித்த நூல்களையும் கொண்டு வாருங்கள். அலமாரி ஏற்கெனவே வந்துவிட்டது.