வீட்டுக்கு வாக்களித்தவர் யார்?



போன மாதம் வாவிக்கரையிலிருந்து ஒரு குடும்பம் வங்கிக் கடிதத்தோடு எங்களிடம் வந்தது. கூரை போடுவதற்காகக் காணி உறுதியை ஈடு வைத்து நாலு இலட்சம் எடுத்திருக்கிறார்கள். தவணை தவறிப்போச்சு. “நாளைக்கே வீட்டை ஏலத்தில வித்துப்போடுவாங்களா?” என்று அந்தத் தாய் அழுதா.

பயம் காரணமில்லாததல்ல. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பராட்டே என்று சொல்வது இதைத்தான். ஆனால் 2011இல் பாராளுமன்றம் அதைத் திருத்தி, முதல் 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு அந்த வழியை மூடியது. ஆனபடியால் இந்தக் குடும்பத்தின் வீட்டை விற்க வங்கி வழக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும். அதற்குள் வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றித் தரும்படி கேட்கலாம். நாங்களும் கூட வருகிறோம்.

2024இல் இன்னொரு திருத்தம் வந்து, பராட்டேயை அவ்வருடம் டிசம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது. அந்தச் சலுகைக் காலமும் முடிந்துவிட்டது.

பாருங்கள், வீட்டைப் பறிப்பதும் காப்பதும் அந்தச் சபையின் வாக்குத்தான். நமது மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 உறுப்பினர்கள். மேடையில் எல்லாரும் வீடு தருவதாகச் சொல்லுவார்கள். சபையிலோ, குரலை மட்டும் கேட்டுச் சட்டம் நிறைவேறினால் யார் எந்தப் பக்கம் என்று பதிவிராது. ஓர் உறுப்பினர் எழும்பி வாக்கெடுப்புக் கேட்டால்தான் ஹன்சாட்டில் பெயர் பெயராக வரும்.

ஆகவே அடுத்த முறை அவர்கள் வந்தால், மாலை போட முன் கேளுங்கள்: “ஐயா, எங்கட வீட்டுச் சட்டம் வந்த அண்டைக்குச் சபையில இருந்தீங்களா? எந்தப் பக்கம் வாக்குப் போட்டீங்க?”