பெண் மருத்துவருக்கு எழுத நேரம் கொடுப்போம்

(மருத்துவமனையைத் தாங்கும் சபை நண்பர்களின் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



ஆராய்ச்சி என்றதும் அது சென்னை, டெல்லி போன்ற பெரிய ஊர்களின் காரியம், நம் ஊர் மருத்துவமனைக்கு அது எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் நாமக்கல்லில் வாழும் நாம் அப்படிக் கேட்க முடியாது. நம்முடையது லாரி ஊர். லாரி ஓட்டுகிறவர்களும், பாடி கட்டும் பட்டறைக்காரர்களும் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள். 1990களில் எச்.ஐ.வி. நோய் இந்த மாவட்டத்தை எப்படி வாட்டியது என்பதை நாம் அறிவோம். எத்தனையோ வீடுகளில் தாத்தாவும் பாட்டியுமே பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அந்த நோய்க்கிருமி இந்தியாவில் இருக்கிறது என்று முதன்முதலில் தெரியவந்தது 1986ஆம் ஆண்டில். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவுக்கு இதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். இது நம் நாட்டுக்கு வராத நோய் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. நிர்மலா சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. ஆறு பெண்களின் இரத்தத்தில் நோயின் அடையாளம் இருந்தது. அந்த ஆய்வுக்குப் பிறகுதான் நாடு விழித்துக்கொண்டது. ஆனால் மாணவி நிர்மலாவின் பெயர் பலருக்குத் தெரியவந்தது, முப்பது ஆண்டுகள் கழித்து 2016இல் பத்திரிகைகள் எழுதிய பிறகே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூத்த பெண் ஒருவர் பேராசிரியர் நாற்காலியில் இருந்தார், இளையவருக்கு வழிவிட்டார். அப்படிப்பட்ட நாற்காலிகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் ஆறு முக்கிய மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆய்வுக் கட்டுரையில் முதலில் வரும் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது. கடைசியில் வரும் பெயர் அதை நடத்திய மூத்தவருடையது. 1970இல் முதல் பெயர்களில் பெண்கள் நூற்றுக்கு 5.9, 2004இல் 29.3. கடைசிப் பெயர்களிலோ 3.7இலிருந்து 19.3 வரைதான் உயர்ந்தது. வேலை செய்யும் இடத்துக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். தலைமை தாங்கும் இடத்துக்கு அவ்வளவாக வரவில்லை.

பெண்களுக்குத் திறமை குறைவு என்று இதற்குப் பொருளா? இல்லை. 83 நாடுகளின் விஞ்ஞானிகளைக் கணக்கிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, ஓர் ஆண்டில் ஆணும் பெண்ணும் எழுதும் அளவு ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது. பெண்கள் ஆராய்ச்சியை விட்டுச் சீக்கிரம் விலக நேரிடுவதே மொத்தக் கணக்கில் அவர்களைப் பெரிதும் பின்னுக்குத் தள்ளுகிறது. மேயோ மருத்துவமனையின் மருத்துவர்களைப் பற்றி 2011இல் வந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: பெண்கள் தொடக்க ஆண்டுகளில் குறைவாக எழுதினாலும், பணியின் பிற்பகுதியில் ஆண்களுக்குச் சமமாக எழுதினார்கள், மிஞ்சவும் செய்தார்கள்.

தொடக்க ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று நம் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்படிப்பு முடிகிற வயதில் கலியாணம், பிள்ளைப்பேறு, இரவுப் பணி, மாமியாரின் சுகவீனம், கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றம், எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எழுதுகிறவர்களை எடைபோடும் தராசும் எப்போதும் நேராக இருப்பதில்லை. சுவீடன் நாட்டில் ஆராய்ச்சி உதவிக்கு விண்ணப்பித்த பெண்கள், ஆண்களுக்குச் சமமான மதிப்பெண் பெற இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது என்று 1997இல் கண்டுபிடித்தார்கள்.

வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூரே சாட்சி. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று அங்கே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண் மாணவர்கள் சேர்ந்தது 1947இல்தான். அதே கல்லூரியில் படித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் ககன்தீப் காங். வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்து, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு எப்படித் திரும்பத் திரும்பத் தாக்குகிறது என்று அவருடைய குழுவினர் கண்டறிந்தார்கள். 2016இல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அவரே. இந்த வேலைக்கு வருடங்கள் வேண்டும், வீடு வீடாகப் போகும் துணையாட்கள் வேண்டும், தடையில்லாத நேரம் வேண்டும்.

நம் மாவட்டத்திலும் கேள்விகள் காத்திருக்கின்றன. கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் கர்ப்பிணியின் இரத்தசோகை, கோழிப்பண்ணைத் தொழிலாளியின் மூச்சுத்திணறல், பல நாள் வண்டியோட்டிவிட்டு வரும் ஓட்டுநரின் சர்க்கரை நோய் ஆகியவற்றை வெளியூர்க்காரர் வந்து எழுதமாட்டார். தினமும் அவர்களைப் பார்க்கிற மருத்துவர் எழுத வேண்டும். பிரசவ அறையிலும் பெண்கள் பிரிவிலும் அப்படிப் பார்க்கிறவர் பெரும்பாலும் ஒரு பெண். அவர் எழுதாவிட்டால் அந்த நோயாளிகளின் கதை பதிவேட்டு அறையிலேயே முடிந்துவிடும்.

யாத்திராகமத்தில் பார்வோனுக்குப் பட்டம் மட்டுமே உண்டு, பெயர் இல்லை. மருத்துவச்சிகளான சிப்பிராள், பூவாள் இருவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. உழைத்தவரின் பெயர் உரிய இடத்தில் நிற்பது சிறிய காரியமல்ல.

ஆகையால் உங்களிடம் கேட்பது இதுவே. நீங்கள் கட்டிலுக்கும் கருவிக்கும் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. இனி நேரத்துக்கும் கொடுங்கள். இளம் பெண் மருத்துவருக்கு வாரத்தில் அரைநாள் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்க, அந்த வேளையில் நோயாளிகளைப் பார்க்க மாற்று மருத்துவர் வேண்டும். கணக்கும் பதிவும் எழுத ஓர் உதவியாளர் வேண்டும். இரவுப் பணியிலும் நம்பி விட்டுப்போகக் குழந்தைகள் காப்பகம் வேண்டும். பிரசவ விடுப்புக்குப் பின் திரும்புகிறவருக்கு விட்ட இடத்திலிருந்தே வேலை தொடர வேண்டும். கட்டிடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிப்பார்கள். நேரத்துக்குக் கொடுப்பவருக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் இந்த ஊரின் நோய்க்கு இந்த ஊரிலேயே விடை தேடப்படும்.

உங்கள் வீட்டில் மருத்துவம் படித்த மகளோ மருமகளோ இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "நீ எழுத நினைத்தது என்ன, அதற்கு எங்களால் என்ன செய்ய முடியும்?" காணிக்கை அங்கே தொடங்கட்டும்.