நாய் ரவியைக் கடித்தது

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் மொழியியல் பேராசிரியர்களும் ஒரே பந்தியில் உட்காருவது அபூர்வம். ஆங்கில இலக்கணம் கற்பிப்பது பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க அழைத்தமைக்கு நன்றி.

மூன்றாம் வகுப்பில் ‘நவுன்’ (பெயர்ச்சொல்) என்றால் என்ன என்பதை நான் ஆங்கிலத்திலேயே ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்க ஓர் ஆங்கில வாக்கியம் வாயில் வராது. வாத்தியாரைக் குறை சொல்லமாட்டேன். அவரும் அப்படிப் படித்து வந்தவர்தான்.

நம் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்கு வெறுங்கையோடு வருவதில்லை. தமிழின் இலக்கணம் முழுதும் அவர்கள் நாக்கில் இருக்கிறது. ‘நாய் ரவியைக் கடித்தது’ என்றாலும் ‘ரவியை நாய் கடித்தது’ என்றாலும் கடிபட்டவன் ரவிதான். ‘ஐ’ உருபு அவன் போகுமிடமெல்லாம் கூடவே போகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒட்டு கிடையாது; சொல் நிற்கும் இடம்தான் அங்கே வேற்றுமை. இதைக் காட்டப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் மூன்று போதும். ஒரு நாள் வகுப்பில் ‘த டாக்’, ‘பிட்’, ‘ரவி’ என்று எழுதி மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தேன். பிறகு ஓரத்தில் நின்ற இருவரையும் இடம் மாறச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, “ஐயோ சார், ரவி நாயைக் கடிச்சிட்டான்!” என்றாள். எழுவாய், செயப்படுபொருள் என்ற பெயர்களை அன்று நான் எடுக்கவே இல்லை.

‘இஸ்’ஸை விட்டுவிட்டு ‘ஹி டீச்சர்’ என்று எழுதுகிற பிள்ளையும் தவறாக யோசிக்கவில்லை. ‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ‘ஷி கோ’ கதை வேறு. போகிறேன், போகிறாய், போகிறாள் என்று நமக்கு ஆளுக்கொரு விகுதி. ஆங்கில நிகழ்கால வினையில் மிஞ்சியிருப்பது ‘ஷி கோஸ்’ என்பதில் வரும் ஒரே ஓர் ‘எஸ்’. உளவியலாளர் ரோஜர் பிரவுன் மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து 1973-இல் நூலாக்கினார். ஆங்கிலமே தாய்மொழியான அக்குழந்தைகளுக்கும் ‘கோயிங்’ என்பதில் வரும் ‘இங்’ முந்தி வந்தது, இந்த ‘எஸ்’ பிந்தித்தான் வந்தது. நாமோ இரண்டாம் வகுப்பிலேயே அது விடுபட்டதற்குச் சிவப்பு மை தீட்டுகிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் இலக்கணமே வேண்டாமா? ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம் ஏறக்குறைய அதைத்தான் சோதித்தது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்று நம்பினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைக்கு வாக்கிய அமைப்பைச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். வாக்கியம் முதலில் வரட்டும், அதன் உறுப்புகளுக்குப் பெயர் பிறகு வரட்டும் என்பதே என் கட்சி.

கட்டுரை வாசிக்கவிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை நோட்டில் உண்மையாகவே எழுதிய வாக்கியம் ஒன்றை முதலில் இந்தக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். அதற்கான நேரத்தை உங்கள் கணக்கில் சேர்க்கமாட்டேன். முதல் அமர்வினர் மேடைக்கு வரலாம்.