சிறுநீர்ச் சோதனையும் கதிரியக்கக் கருவிகளும்



கதிரியக்கத்தைக் கண்ணால் காண இயலாது, முகர்ந்தறியவும் இயலாது. ஆதலால் அணு நிலையங்களில் பணிபுரிவோரின் உடலுக்குள் கதிரியக்கப் பொருள் புகுந்துள்ளதா என்பதை அறிய அவர்களுடைய சிறுநீரைச் சோதிக்கிறார்கள். எந்தக் கருவியைக் கொண்டு சோதிப்பது என்பதே வினா.

பலரும் அறிந்தது கெய்கர் எண்ணி. கதிர் புகுந்தால் அது ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் தீங்கில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது என்பேன்.

2009 நவம்பரில் கர்நாடகத்துக் கைகா அணுமின் நிலையத்தில், டிரிட்டியம் கொண்ட கனநீர் குடிநீர்க் குளிரூட்டி ஒன்றில் கலந்திருந்தது. அதனைப் பருகிய ஊழியர்களின் உடலில் டிரிட்டியம் சேர்ந்ததை வெளிப்படுத்தியது வழக்கமான சிறுநீர்ச் சோதனையே. டிரிட்டியத்தின் பீட்டா கதிர் மிக மெலிந்தது. அதன் ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. கெய்கர் குழாயின் மெல்லிய சாளரத்தைக்கூட அது கடக்க மாட்டாது. ஆகவே சிறுநீரை ஒளிரும் திரவத்தோடு கலந்து, இருளில் வைத்து, எழும் ஒளிப்பொறிகளை இரண்டு ஒளிப்பெருக்கிக் குழாய்களால் எண்ணுகிறார்கள். இரண்டும் ஒரே கணத்தில் கண்ட பொறியே கணக்கில் ஏறும்; குழாயில் தானாக எழும் பொய்த்துடிப்பு இவ்வாறு விலக்கப்படுகிறது. இதுவே திரவ ஒளிர்வு எண்ணி.

சீசியம் 137 இருப்பின் வழி வேறு. அதனோடு தொடர்ந்து வெளிப்படும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் புட்டியையும் ஊடுருவி வரும். சோடியம் அயோடைடுப் படிகம் அதனை எளிதில் உணரும்; விலையும் குறைவு. ஆனால் அடுத்தடுத்த ஆற்றல்களைப் பிரித்தறிய, கடுங்குளிரில் வைத்த ஜெர்மானியப் படிகமே வேண்டும்.

புளூட்டோனியமோ ஆல்பா கதிர் விடுவது. ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். சிறுநீரின் நீரும் தடுக்கும். ஆதலால் ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரிலிருந்து அதனை வேதிமுறையில் பிரித்து, எஃகு வில்லையின்மீது மின்சாரத்தால் மெல்லிய படலமாகப் படிய வைத்து, வெற்றிடத்தில் சிலிக்கான் உணரியின் முன் வைப்பார்கள். 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் காரைக்குடியில் பயிலும் உங்களுக்கு மின்முலாம் புதிதன்று. இங்கும் அதே தத்துவம்தான். ஆனால் முடிவு தெரியச் சில நாட்கள் ஆகும்.

காலமும் இங்கு முக்கியம். டிரிட்டியம் கலந்த நீர் உடலில் ஏறத்தாழ 10 நாட்களில் பாதியாகக் குறையும். மிகுதியாக நீர் பருகினால் இன்னும் விரைவில் வெளியேறும். முன்னரே அறிந்தால்தானே அவ்வாறு செய்ய முடியும்?

செட்டிநாட்டில் நெல் நிறுக்கும் தராசில் எவரும் வைரம் நிறுக்க மாட்டார். அறிவியலிலும் அவ்வாறே. கருவி சுழியைக் காட்டும்போது உடனே மகிழாதீர்கள். தேடும் பொருளைக் காணும் ஆற்றல் இக்கருவிக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். ஒரு தொழிலாளியின் நலம் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.