பிள்ளைகளின் மனச்சுமையும் உடற்பருமனும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடை உடையவர்கள். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமனுக்கு ஆளானவர்கள். ‘நாம் மரக்கறி உணவினர், நமக்கேது இத்தொல்லை?’ என்று எண்ணிவிட வேண்டா. பிஸ்கட்டும் குளிர்பானமும் மரக்கறியே. கிழங்கு சமைக்காத வீடுகளிலும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைக் காண்கிறேன்!

மரபும், உணவும், விளையாட்டு குன்றியதும் பருமனுக்குக் காரணங்கள் என்பதை யாவரும் அறிவோம். மனச்சுமையும் ஒரு காரணம் என்றால் மட்டும் பெற்றோர் வியப்புறுகின்றனர்.

அச்சம் தோன்றியவுடன், சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. அப்போது பசி அடங்கிவிடும். தேர்வு நாள் காலையில் பிள்ளை இட்லியைத் தொடாமல் எழுந்துவிடுவது இதனாலேயே. ஆனால் சுமை மாதக்கணக்கில் நீளுமாயின், அதே சுரப்பிகளிலிருந்து வரும் கார்டிசால் மேலோங்குகிறது. அது பசியைத் தூண்டும். இனிப்பையும் கொழுப்பையும் நாடச் செய்யும். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேரவும் வழிவகுக்கும். கலிபோர்னியாவில் மேரி டால்மன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய உணவு உடலின் அழுத்த நிலையைச் சற்றே தணிக்கக்கூடும் என்று கூறியது. (எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு அது. இவ்வவை அம்முறையை விரும்பாது என்பதால் முடிவை மட்டும் கூறினேன்.) ஆகவே, கவலையுற்ற சிறுவன் நொறுக்குத் தீனியைத் தேடுவதை நாவடக்கம் இல்லாமை என்று மட்டும் தள்ளிவிடலாகாது. சில பிள்ளைகள் இதே கவலையால் மெலிந்து போவதும் உண்டு.

அடுத்தது உறக்கம். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமேனும் உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் மிகும். நிறைவை உணர்த்தும் லெப்டின் குறையும். நம் வீடுகளின் மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சி, அதன்பின் இந்தி வகுப்பு, பிறகு வீட்டுப்பாடம். ஞாயிறு மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டது. பிள்ளை வழியிலேயே ஒரு பஃப்ஸ் உண்டு, ஒன்பதரை மணிக்கு வீட்டில் மீண்டும் உண்டு, பதினொன்றரை மணிக்குப் படுக்கிறது. ஐந்தரைக்கு எழுப்புகிறோம். இப்பிள்ளைக்கு எடைக் குறைப்பு உணவுப் பட்டியல் எழுதித் தருமாறு என்னிடம் கேட்கின்றனர். ஒரு வகுப்பை நிறுத்துங்கள் என்றால் முகம் வாடுகிறது.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். பருமனைக் குறித்த ஏளனமே பிள்ளைக்குப் புதிய சுமையாகிறது. கேலிக்கு உள்ளாகும் பிள்ளைகளின் எடை மேலும் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்று இம்மண்டபத்திற்கு உறவினர் பலர் நெடுநாள் கழித்து வந்துள்ளீர்கள். ‘என்ன, இப்படிப் பெருத்துவிட்டாய்!’ என்று அன்போடுதான் கேட்பீர்கள். அதைக் கேட்ட சிறுமி பந்தியில் பாதியிலேயே எழுந்துவிடுவாள். இரவில், எவரும் காணாதபோது, அடுக்களையில் டப்பாவைத் திறப்பாள்.