தலைகீழாய் நிற்கும் பூட்டு



வீட்டுக்குப் பூட்டு வாங்கச் செல்பவர் அதனைக் கையில் ஏந்திப் பாரம் பார்ப்பார். செய்தவர் பெயரைப் படிப்பார். எத்தனை திறப்புகள் தருகின்றீர் என்று கடைக்காரரிடம் கேட்பார். அப்பூட்டுக் கதவிலே எந்தப் பக்கம் மேலாக நிற்கப்போகின்றது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. அதனைத் தச்சரின் பொறுப்பில் விட்டுவிடுகின்றோம். ஆயினும், ஒரு பூட்டைத் திறப்பின்றித் திறக்க முயல்பவனுடைய கைக்கும், உரிய திறப்போடு வாசலில் நிற்கும் வீட்டுக்காரருடைய கதிக்கும் இந்த மேல் கீழ் என்னும் விவகாரத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

இதனை விளங்கிக்கொள்வதற்குப் பண்டைய மரப்பூட்டிலிருந்து தொடங்குவது நன்று. எகிப்திலும் மேற்காசியாவிலும் நெடுங்காலம் வழங்கிய பூட்டு அது. கதவின் குறுக்கே மரத்தாழ் ஒன்று கிடையாக ஓடும். அத்தாழுக்கு மேலே, கதவோடு பொருத்தப்பட்ட ஒரு கட்டையில் செங்குத்தான துளைகள் இருக்கும். துளைகள்தோறும் ஒவ்வொரு மரமுளை. தாழைத் தள்ளி அடைத்தவுடன், முளைகள் தம் பாரத்தினாலேயே தாழிலுள்ள குழிகளில் விழுந்து அதனை அசையவிடாது பிடித்துக்கொள்ளும். திறப்போ, பல் துலக்கும் தூரிகையைப் போன்ற ஒரு மரக்கோல். அதனைத் தாழின் குடைவினுள் நுழைத்து மேலே உயர்த்தினால் முளைகள் எழும்பும், தாழ் விடுபடும். அந்தப் பூட்டிலே சுருள்வில் இல்லை. புவியீர்ப்பே அதற்குச் சுருள்வில். அதனை ஒருவர் தலைகீழாக மாட்டிவிட்டாரெனின், முளைகள் கட்டைக்குள்ளேயே கீழ்நோக்கி விழுந்து கிடக்கும். தாழ் தடையின்றிப் போய்வரும். பார்வைக்குப் பூட்டு, செயலில் வெறும் மரத்துண்டு.

இந்தத் தத்துவத்தை உலோகத்திலே சிறிதாக்கி நமக்குத் தந்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த யேல் என்னும் தந்தையும் மகனும். தந்தை லீனஸ் யேல் 1848 ஆம் ஆண்டில் முளைப்பூட்டு ஒன்றிற்கு ஆக்கவுரிமை பெற்றார். அதே பெயர் கொண்ட மகன் 1861 இலும் 1865 இலும் பெற்ற உரிமைகளே இன்று நாம் கையாளும் தட்டையான, பல்வரிசை கொண்ட சிறு திறப்புக்கு வழிவகுத்தன. இப்பூட்டில் திறப்போடு சேர்ந்து சுழலும் உருளை ஒன்று உண்டு. அதனைச் சுற்றிச் சுழலாத ஓடு ஒன்று உண்டு. இரண்டையும் ஊடுருவும் துளைகளில், துளைக்கு இரண்டாக முளைகள் நிற்கும். திறப்பின் பல்லைத் தொடுவது ஒன்று. அதற்கு அப்பால் நின்று காவல் செய்வது மற்றொன்று. காவல் முளையைச் சுருள்வில் ஒன்று எப்பொழுதும் உருளையை நோக்கி அழுத்தும். சரியான திறப்பு நுழையும்பொழுது, இரு முளைகளும் பிரியும் இடம் உருளையும் ஓடும் சந்திக்கும் எல்லையில் வந்து நிற்கும். அப்பொழுது உருளை சுழலும்.

காவல் முளையின் பாரம் பெரும்பாலும் அரைக் கிராமுக்கும் குறைவு. அதனை அழுத்தும் சுருள்வில்லின் விசையோ அப்பாரத்தினும் பன்மடங்கு. ஆகவே சுருள்வில் நலமாயிருக்கும்வரை, முளைகள் மேலே நின்றாலென்ன, கீழே நின்றாலென்ன, பூட்டுக்கு அது ஒன்றுதான். யேலின் வெற்றியே அதுவென்பேன். இதனாலன்றோ அமெரிக்காவில் முளைகளை மேற்புறமாக வைத்துப் பொருத்துவதும், ஐரோப்பாவின் பல பாகங்களில் கீழ்ப்புறமாகத் தொங்கவிட்டுப் பொருத்துவதும் வழக்கமாகி, இரண்டும் நிலைபெற்று விளங்குகின்றன!

ஆனால், பூட்டுக்கு ஒன்றாயிருப்பது கைக்கு ஒன்றன்று. பூட்டைத் திறப்பின்றித் திறப்பவர், உருளையை இலேசாகச் சுழற்ற ஒரு சிறு நெம்புகோலையும், முளைகளைத் தள்ள ஒரு மெல்லிய கம்பியையும் துணையாகக் கொள்வார். துளைகள் எவ்வளவு கவனமாக இடப்பட்டாலும் மயிரிழை வேறுபாடு இருந்தே தீரும். ஆதலால் முளைகள் ஒரே நேரத்தில் இறுகாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். இறுகிய காவல் முளையை எல்லைவரை தள்ளினால் அது ஓட்டிலே தங்கிவிடும். அவ்வாறு தங்கியதும் அதன் துணைமுளையின்மேல் சுருள்வில்லின் அழுத்தம் இல்லாதுபோகும். முளைகள் மேலே நிற்கும் பூட்டாயின், அந்தத் துணைமுளை தன் பாரத்தால் கீழே விழுந்து, கம்பி பட்டதும் தளர்ந்து ஆடும். ‘இது முடிந்தது’ என்று கைக்கு அது சொல்லும். கீழே நிற்கும் பூட்டாயின், துணைமுளை தள்ளப்பட்ட இடத்திலேயே அமர்ந்துவிடும், திரும்பி எழாது. அங்கே அறிகுறி ஆட்டமன்று, வெறுமை. ஒரு நிலையிற் பழகிய விரல் மறுநிலையில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. மேசைக் கிடுக்கியில் இறுக்கிய பூட்டை வேண்டியவாறு திருப்பிப் பழகலாம். கதவிலே இருப்பதைத் திருப்ப இயலுமா? எனினும் இத்தடுமாற்றம் ஒரு காவலாகாது. பழக்கத்தால் தீர்ந்துவிடும் இடையூறு அது. பூட்டைத் தலைகீழாகப் பொருத்திக் கள்வனை ஏமாற்றலாமென எவரேனும் கூறினால் நம்பவேண்டாம்.

இவற்றை வானொலியிற் பகிரங்கமாகச் சொல்லலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். இவ்வையம் பழையது. இலண்டனிலே ஜோசப் பிராமா என்பவர் 1784 இல் ஆக்கவுரிமை பெற்ற பூட்டு வெகுகாலம் வெல்லப்படாதிருந்தது. அதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசென்று அவருடைய கடைச் சாளரத்தில் அறிவித்திருந்தார்கள். அதிலே 18 தகடுகள் திறப்புக் குழாயைச் சுற்றி வட்டமாக நின்று, திறப்புச் செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் நகர்வன. அவற்றுக்கு மேல் கீழ் என்ற பேச்சே கிடையாது. எப்படிச் சுழற்றி வைத்தாலும் ஒரே குணம். 1851 இல், பெருங்கண்காட்சி நடந்த ஆண்டில், அமெரிக்கரான ஹொப்ஸ் என்பவர் 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் உழைத்து அதனைத் திறந்தார். மக்கள் திடுக்குற்றனர்; பூட்டின் குறையை வெளியிடுவது கள்வருக்குப் பாடஞ் சொல்வதாகும் என்று கண்டித்தோரும் உளர். ஆனால் கள்வன் தன் தொழிலை முன்னரே கற்றிருப்பான்; அறியாதவர் பூட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவரே. நானும் ஹொப்ஸின் பக்கத்தையே சார்கின்றேன்.

இனி, வீட்டுக்காரருக்கு மெய்யாகவே வேண்டிய செய்திக்கு வருவோம். சுருள்வில் நலமாயிருக்கும்வரை என்றேன். மெல்லிய கம்பியாலான அது என்றென்றைக்கும் நலமாயிராது. கரையோரத்து உப்புக்காற்றிலே சிறு உலோகப்பொருள்கள் படும் பாட்டை நாமெல்லாம் அறிவோம். சுருள்வில் ஒடிந்தோ சோர்ந்தோ போகும் அந்த நாளில், யேல் விலக்கிவைத்த புவியீர்ப்பு மீண்டும் பூட்டை ஆளத் தொடங்கும்.

முளைகள் மேலே நின்றால், அவை தம் பாரத்தால் விழுந்து தம் கடமையைச் செய்துகொண்டேயிருக்கும். எகிப்தின் மரப்பூட்டைப் போல அது இயங்கும். வீட்டுக்காரருக்குக் குறையே தெரியாமலும் போகலாம். முளைகள் கீழே நின்றாலோ, தாங்குவாரின்றி அவை குழிக்குள் இறங்கிவிடும். திறப்பைத் தொடவேண்டிய முளை எல்லைக்குக் குறுக்கே நின்றுவிட்டால், உரிய திறப்பாலும் அதனை உயர்த்த முடியாது, வீட்டுக்காரர் வெளியிலேதான். அம்முளை எல்லைக்கும் கீழே முழுவதும் அமிழ்ந்துவிட்டால், அது எவருக்கும் தடையாயிராது. காவலரில் ஒருவர் உறங்கிவிட்டதற்கு அது சமம்.

தூசியின் கதையும் இதுவே. முளைகள் மேலே நின்றால் உட்புகும் தூசி திறப்புத் துவாரத்தின் அடியிலே தங்கும். கீழே நின்றால் நேரே முளைக்குழிகளில் இறங்கும். அதன்மேல் எண்ணெயும் வார்ப்போமாயின் இரண்டும் குழைந்து சேறாகி முளைகளைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்குப் பதிலாக, நம் நாட்டிலேயே வெட்டியெடுக்கப்படும் காரீயத்தின் நுண்ணிய தூளைச் சிறிதளவு இடுவது சாலச் சிறந்தது.

படலையிலே தொங்கும் ஆமைப்பூட்டுப் பெரும்பாலும் இவ்விரண்டிலும் சேராது. திறப்புத் துவாரம் அடியில் இருப்பதால் முளைகள் படுத்த நிலையில் இருக்கின்றன. பாரம் உதவுவதுமில்லை, கெடுப்பதுமில்லை. மழைநீரும் எளிதிற் புகாது. ஆனால் அதன் சுருள்வில் சோர்ந்தால் முளைகள் தள்ளிய இடத்திலே கிடக்கும்.

உங்கள் கதவுப்பூட்டு எவ்வகையது என்றறியப் பூட்டைக் கழற்றவேண்டியதில்லை. அடுத்தமுறை திறப்பை நுழைக்கும்பொழுது அதன் பல்வரிசை எத்திசையை நோக்குகின்றதென்று பாருங்கள். பல் மேல்நோக்கினால் முளைகள் மேலே. கதவின் உட்புறத்தே பெட்டிபோல் அமர்ந்திருக்கும் பழைய யேல் பூட்டுகள் பெரும்பாலும் இத்தகையன. மேலே வட்டமும் கீழே நாக்குப்போல் நீண்ட பாகமும் உடைய முகங்கொண்ட பூட்டாயின் பல் கீழ்நோக்கும். அத்தகைய பூட்டில் திறப்பு முன்போல் வழுவழுப்பாக நுழையாது தடுக்கத் தொடங்கினால், அல்லது ஒருநாள் சுழன்றும் ஒருநாள் சுழலாமலும் இருந்தால், பூட்டுத் திருத்துபவரை அன்றைக்கே அழையுங்கள். சுருள்வில் மாற்றுவது சிறிய வேலை. கதவு திறந்திருக்கும்பொழுதே அதனைச் செய்வித்துக்கொள்ளுங்கள்.